சுண்டைக்காய் கால் பணம்: ஜப்பான் கிராமத்தில் காலி வீடு வாங்குவது பற்றி

"ஜப்பானில் கிராமத்து வீடுகளை 5 லட்சம், 10 லட்சம் ரூபாய்க்கு விற்கிறார்களாமே. வெளிநாட்டுக்காரர் வாங்க முடியுமா? வாங்கினால் விசா கிடைக்குமா? சரிசெய்ய எவ்வளவு ஆகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் பதில் சுருக்கம்தான். வாங்கலாம். விசா கிடைக்காது. மூன்றாவது கேள்விக்குத்தான் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒகயாமா மாகாணத்தின் வடக்கே, மலைப்பக்கம், இப்படி ஒரு வீட்டை வாங்கிச் சில வருடங்களாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இந்த வீடுகளுக்கு அங்கே அகியா என்று பெயர். காலி வீடு என்பதுதான் பொருள். 2023இல் ஜப்பான் அரசு எடுத்த வீட்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 90 லட்சம் வீடுகள் காலி என்று வந்தது. மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். இந்த எண்ணைத்தான் எல்லா வீடியோக்களிலும் சொல்கிறார்கள். சொல்லாமல் விடுவது, இதில் பாதிக்குமேல் வாடகைக்கோ விற்பனைக்கோ காத்திருக்கும் நகரத்து வீடுகளும், விடுமுறைக்கு மட்டும் திறக்கும் வீடுகளும் என்பதை. யாரும் எதுவும் செய்யாமல் சும்மா பூட்டிக் கிடப்பவை சுமார் 38.5 லட்சம். நீங்கள் கேட்கும் வீடு இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அவற்றிலும் பெரும்பாலானவை விற்பனைக்கு இல்லை.

ஏன் விற்பதில்லை? பிள்ளைகள் தோக்கியோவிலும் ஒசாகாவிலும் இருக்கிறார்கள். அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் புத்சுதான் மட்டும் இருக்கிறது. முன்னோர்களுக்கான அந்த மாடத்தை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. ஆகஸ்டில் முன்னோர்களை நினைக்கும் ஓபோன் பண்டிகை வரும்போது ஒருநாள் வந்து திறந்து, கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இடிக்கலாம் என்றால் மரவீட்டுக்கே 10 முதல் 20 லட்சம் யென் ஆகும். போதாக்குறைக்கு, மனை மேல் வீடு என்று ஒன்று நின்றால் 200 சதுர மீட்டர் வரை நிலவரியின் கணக்கு ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. இடித்தால் அந்தச் சலுகை போகும். அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். 2015இல் ஒரு சட்டம் வந்து, விழும் நிலையில் உள்ள வீடுகளுக்கு இந்தச் சலுகையைப் பறிக்கலாம் என்றது. 2023 டிசம்பரில் அதை இன்னும் இறுக்கி, சரியாகப் பராமரிக்காத வீடுகளுக்கும் நீட்டினார்கள். 2024 ஏப்ரல் முதல் வாரிசுப் பதிவும் கட்டாயமாகிவிட்டது. சொத்து தனக்கு வந்தது தெரிந்து 3 வருடத்துக்குள் பெயர் மாற்றாவிட்டால் 1 லட்சம் யென் வரை அபராதம். இதனால் கொஞ்சம் கொஞ்சமாக வீடுகள் சந்தைக்கு வருகின்றன.

பெயர் மாற்றம் என்பது சின்ன விஷயம் இல்லை. நான் முதலில் ஆசைப்பட்ட வீடு, பதிவேட்டில் ஷோவா காலத்திலேயே (1926–1989) இறந்துபோன ஒருவரின் பெயரில் இருந்தது. அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்களில் இறந்தவர்களின் பிள்ளைகள் என்று கையெழுத்துப் பட்டியல் நீண்டது. ஒருவர் பிரேசிலில். எட்டு மாதம் காத்திருந்துவிட்டு விட்டுவிட்டேன். அதனால் விலை கேட்கும் முன்பே "பதிவேட்டில் இப்போது யார் பெயர்?" என்று கேளுங்கள். நம்மூரில் வில்லங்கம் பார்ப்பது போலத்தான்.

வீட்டைத் தேடுவது எங்கே? பெரும்பாலான சிற்றூர் நகராட்சிகள் அகியா பேங்க் என்ற ஒரு பட்டியலை நடத்துகின்றன. பெயரில்தான் பேங்க், கடன் எல்லாம் தராது. வீட்டுக்காரரையும் வாங்குபவரையும் அறிமுகம் செய்துவைப்பதோடு நகராட்சியின் வேலை முடிந்தது. சில ஊர்களில் ஒப்பந்தத்தை இருவரும் நேரடியாகப் போட்டுக்கொள்ளலாம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உரிமம் பெற்ற தரகர் நடுவில் இருந்தால், ஒப்பந்தத்துக்கு முன் சொத்தின் குறைநிறைகளை எழுத்தில் கொடுத்து, வாசித்தும் விளக்க வேண்டும் என்பது சட்டம். 2020 ஆகஸ்ட் முதல் வெள்ள அபாய வரைபடத்தில் வீடு எங்கே இருக்கிறது என்பதையும் அதில் காட்டியாக வேண்டும். அந்த இரண்டு மணி நேர வாசிப்புக்குத்தான் நீங்கள் கூலி கொடுக்கிறீர்கள்.

கூலி என்றதும் தலைப்புக்கு வருகிறேன். 2024 ஜூலை முதல், 80 லட்சம் யென் வரையிலான வீடுகளுக்குத் தரகர் அதிகபட்சம் 3 லட்சத்து 30 ஆயிரம் யென் வாங்கலாம் என்று விதி மாறியது. 5 லட்சம் யென் வீட்டுக்கும் அதையே கேட்கலாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஆனாலும் இந்த மாற்றம் நல்லதுதான் என்பேன். அதற்கு முன்பு மலிவு வீடுகளைத் தரகர்கள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். மலையேறி வந்து, பாம்பு பார்த்து, 20 ஆயிரம் யென்னுக்கு யார் வேலை செய்வார்கள்? இதோடு பத்திரம் பதிவு செய்யும் ஷிஹோஷோஷியின் கட்டணம், பதிவு வரி, முத்திரைத்தாள் எல்லாம் சேரும். எல்லாம் முடிந்து மறந்துபோயிருக்கும்போது, சில மாதம் கழித்து மாகாண அரசிடமிருந்து சொத்து வாங்கிய வரி என்று ஒரு உறை வரும். பயப்பட வேண்டாம், மலை வீடுகளின் அரசு மதிப்பீடு குறைவு என்பதால் தொகையும் குறைவாகத்தான் இருக்கும்.

இப்போது சட்டம். ஜப்பானில் வெளிநாட்டவர் மனையும் வீடும் முழு உரிமையோடு வாங்கத் தடை இல்லை. சுற்றுலா விசாவில் வந்தவர்கூட வாங்கலாம். ஆனால் ஜப்பானில் குடியிருக்காதவர் வாங்கினால், 20 நாளுக்குள் ஜப்பான் மத்திய வங்கி வழியாக நிதியமைச்சருக்கு அறிக்கை தர வேண்டியிருக்கும். வரி நோட்டீஸை வாங்கிக் கட்ட உள்ளூரில் ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல் பதிவேட்டில் உள்நாட்டுத் தொடர்பு ஒன்றையும் எழுத வேண்டும். கடன் பற்றி யோசிக்கவே வேண்டாம். நிரந்தரக் குடியுரிமை இல்லாதவருக்கு, அதுவும் 50 வயதான மரவீட்டுக்கு, வங்கி கடன் தருவது அபூர்வம். கையில் ரொக்கம் வேண்டும்.

இந்தியாவில் குடியிருந்துகொண்டே வாங்குவதென்றால், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், வீடு வாங்கவும் அனுமதி உண்டு. 10 லட்சம் ரூபாயைத் தாண்டிய தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் என்ற வரியை முன்கூட்டியே பிடிக்கும். அதை வருமானவரியில் கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டுச் சொத்து என்று ஒவ்வொரு வருடமும் கணக்கில் காட்டவும் மறக்கக் கூடாது.

விசா விஷயத்தை ஒருமுறை அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வீடு இருப்பதால் ஒருநாள்கூட அதிகம் தங்க முடியாது. "வீட்டை விடுதியாக்கித் தொழில் விசா வாங்கிக்கொள்ளலாம்" என்று ஒரு யோசனை முன்பு ஓடியது. 2025 அக்டோபரில் அந்தத் தொழில் விசாவுக்கான மூலதனத்தை 50 லட்சத்திலிருந்து 3 கோடி யென்னாக உயர்த்திவிட்டார்கள். விசா கையில் இருப்பவர்கள்கூட விடுதி நடத்தக் கணக்குப் போட வேண்டும். 2018இல் வந்த தங்குவீட்டுச் சட்டப்படி வருடத்துக்கு 180 நாள்தான் விருந்தினரை வைக்கலாம். அதற்கு மேல் என்றால் தனி விடுதி உரிமம். ஆக, ஏற்கெனவே வேலை விசாவிலோ குடும்ப விசாவிலோ அங்கே இருப்பவருக்குத்தான் இந்த வீடு பொருந்தும். சென்னையில் இருந்துகொண்டு வருடத்துக்கு மூன்று வாரம் போய் வருவேன் என்றால், அந்த வீட்டை நீங்கள் கட்டி ஆளப்போவதில்லை. ஈரமும் கரையானும்தான் ஆளும்.

இனி வீட்டைப் பார்க்கப் போவோம். முதல்முறை போகிறவர்கள் எல்லோரும் மரத்தைப் பார்ப்பார்கள். கருத்த பெரிய உத்திரம், நடுவில் தாய்கோகுபஷிரா என்ற தடித்த தூண், ததாமி என்ற கோரைப்பாய்த் தரையின் வாசனை, நம் திண்ணை மாதிரி தோட்டத்தைப் பார்த்து நீளும் எங்காவா. நானும் அப்படித்தான் விழுந்தேன். இன்று யாராவது கேட்டால் தண்ணீரைப் பாருங்கள் என்பேன். மேலிருந்து எங்கே விழுகிறது, பின்னாலிருந்து எங்கே ஓடி வருகிறது, அடியில் எங்கே தேங்குகிறது, குழாயில் எங்கிருந்து வருகிறது, கழிவாக எங்கே போகிறது. இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்தால் வீட்டின் உண்மையான விலை தெரிந்துவிடும்.

பின்னாலிருந்து வருவதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதைக் காசு கொடுத்துத் திருத்த முடியாது. 2018 ஜூலையில் மேற்கு ஜப்பானில் பெய்த பெருமழையில் ஒகயாமா மாகாணத்தின் குராஷிகி நகரைச் சேர்ந்த மாபி ஊர் மூழ்கியது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தண்ணீர் நின்ற இடமும், நகராட்சி முன்பே அச்சிட்டுக் கொடுத்திருந்த அபாய வரைபடமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. வரைபடம் பொய் சொல்லவில்லை. அதனால் வீட்டு விளம்பரத்தைப் பார்த்ததும் அடுத்த நிமிடம் அந்த முகவரியை அபாய வரைபடத்தில் போட்டுப் பாருங்கள், எல்லாம் இலவசமாகவே இணையத்தில் இருக்கிறது. மலைச்சரிவுக்கு மஞ்சள் பகுதி, சிவப்புப் பகுதி என்று இரண்டு உண்டு. மலையடிவாரக் கிராமத்தில் மஞ்சளைத் தவிர்ப்பது கடினம். சிவப்பில் வீடு இருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். திருப்பிக் கட்டுவதற்கும் கட்டுப்பாடு, விற்பதற்கும் ஆள் கிடைக்காது.

அப்புறம் கூரை. எங்கள் பக்கத்து மலைகளில் செக்கிஷூ ஓடு என்று செம்பழுப்பு ஓடு போட்டிருப்பார்கள். அதிகச் சூட்டில் சுட்ட ஓடு, அதனால் பனியில் வெடிக்காது. ஓடு நூறு வருடம் தாங்கும், அதைப் பிடித்திருக்கும் மண்ணும் ஆணியும் தாங்காது. ஒரு ஓடு நகர்ந்தாலே போதும். கூரை ஒழுகுகிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்டால் இல்லை என்பார். படுக்கை மடித்து வைக்கும் அலமாரிக்குள் தலையை விட்டு, மேல் பலகையில் டார்ச் அடியுங்கள். காப்பிக் கறை போல வட்டம் தெரிந்தால் ஒழுகியிருக்கிறது. பெரிய வீட்டின் கூரையைப் பிரித்துப் போட 20, 30 லட்சம் யென் சாதாரணமாக ஆகும். வீட்டு விலை 10 லட்சமாக இருக்கும். தகரம் மூடிய உயரமான கூரை என்றால் அடியில் பெரும்பாலும் பழைய புல்கூரை அப்படியே இருக்கும், அது தனிக் கதை.

அடியில் பார்ப்பதற்கு முன், இந்த வீடுகள் எப்படி நிற்கின்றன என்று தெரிய வேண்டும். 1950இல் கட்டடச் சட்டம் வருவதற்கு முன் கட்டியவற்றில் பல, புதைத்த அஸ்திவாரம் இல்லாமல், கல்லின் மேல் தூணை வெறுமனே வைத்து நிறுத்தியவை. இஷிபாதாதே என்பார்கள். சுவர் என்பது மூங்கில் தப்பைகளைக் கட்டி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பியது. நம் ஊர் மண்வீடு பார்த்தவர்களுக்கு உடனே புரியும். தரைக்கு அடியில் முழங்கால் உயரத்துக்கு வெற்றிடம், அதில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். வீடு மூச்சு விடுவதே அதில்தான். பிற்காலத்தில் யாராவது அந்த இடைவெளியைச் சிமென்ட் பூசி அடைத்திருந்தாலோ, பின்பக்க வாய்க்கால் இலை அடைத்துத் தண்ணீர் உள்ளே திரும்பியிருந்தாலோ, கரையான் வந்துவிடும். ஜப்பானில் பொதுவாகக் காணும் கரையானுக்கு ஈரம் வேண்டும். ஈரம் இல்லாத இடத்தில் மரம் இருநூறு வருடம் நிற்கும், ஈரம் பட்ட இடத்தில் இருபது வருடம் தாங்காது. குளியலறைக்கும் சமையலறைக்கும் அடியில்தான் முதலில் பிடிக்கும். ததாமியைத் தூக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். 50 ஆயிரம் முதல் 1 லட்சம் யென் கொடுத்தால் தரைக்கடியில் ஊர்ந்து போய்ப் படம் எடுத்துத் தரும் ஆய்வாளர் கிடைப்பார். இந்த முழு விவகாரத்திலும் இதைவிட உருப்படியான செலவு கிடையாது. பழைய வீடுகளைப் பெரும்பாலும் "இருக்கிறபடி" என்று, பின்னால் வரும் குறைக்கு விற்றவர் பொறுப்பில்லை என்ற வரியோடுதான் விற்பார்கள்.

நிலநடுக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1981 ஜூன் மாதத்தில் நிலநடுக்க விதி மாறியது, மரவீடுகளுக்கு 2000இல் இன்னொரு முறை இறுக்கினார்கள். நம் வீடு இரண்டுக்கும் முந்தையதாகத்தான் இருக்கும். 2024 புத்தாண்டு நாளில் நோத்தோ தீபகற்பத்தில் விழுந்தவற்றில் இப்படிப்பட்ட பழைய மரவீடுகள்தான் அதிகம். 1981க்கு முந்தைய வீட்டுக்குப் பல நகராட்சிகள் மானியத்தில் உறுதிச் சோதனை செய்து தருகின்றன. ஆனால் கல்மேல் நிற்கும் வீட்டுக்குச் சாதாரணச் சோதனைக் கணக்கு பொருந்தாது. பாரம்பரிய வீடு தெரிந்த கட்டடக் கலைஞரைத் தேடுங்கள். தெரியாதவர் வந்தால் முதல் வேலையாகக் கான்கிரீட் ஊற்றலாம் என்பார்.

குழாய்த் தண்ணீர் ஊராட்சியுடையதா, கிணறா, மலை ஊற்றா என்பதைக் கேளுங்கள். எங்களுக்கு ஊராட்சித் தண்ணீர்தான். முதல் ஜனவரியில் நான்கு நாள் ஒசாகா போய்விட்டுத் திரும்பினால் சமையலறைத் தரை முழுக்கப் பனிக்கட்டி. குழாயை மூடி, உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டுப் போக வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயமாம் அங்கே. ஒகயாமாவை "வெயில் நாடு" என்று விளம்பரம் செய்வார்கள். அது தெற்குக் கடற்கரைக்கு. வடக்கே பனி கொட்டும்.

கழிவு கடைசி. பழைய வீடுகளில் கழிவறை வெறும் குழிதான், மாதத்துக்கு ஒருமுறை வண்டி வந்து உறிஞ்சிப்போகும். குமிதோரி என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அதுதான். அடுத்த நிலை ஜோகாசோ என்ற நிலத்தடிச் சுத்திகரிப்புத் தொட்டி. அதிலும் கழிவறை நீரை மட்டும் சுத்தம் செய்யும் பழைய ரகத்தைப் புதிதாகப் போட 2001இலிருந்து தடை. எல்லாத் தண்ணீரையும் சேர்த்துச் சுத்தம் செய்யும் தொட்டி வைக்க 10 லட்சம் யென் அளவில் ஆகும். நகராட்சி மானியம் ஒரு பகுதியைத் தாங்கும், ஆனால் வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். சுத்தம் செய்த நீர் போய்ச் சேருவது வயல் வாய்க்காலில். அதனால் சில ஊர்களில் வாய்க்கால் பங்குதாரர்களின் சம்மதத்தைக் கேட்பார்கள். சட்டத்தைவிட முறைக்குத்தான் அங்கே மதிப்பு.

வயல் என்றதும் இன்னொன்று. வீட்டோடு சேர்த்து நெல்வயலும் காய்கறித் தோட்டமும் தருவார்கள், சும்மா வருகிறதே என்று மகிழ வேண்டாம். பதிவேட்டில் அது விளைநிலம் என்று இருந்தால், உள்ளூர் விவசாயக் குழுவின் அனுமதி இல்லாமல் கைமாறாது. முன்பு குறைந்தது 5,000 சதுர மீட்டராவது பயிர் செய்பவருக்குத்தான் பொதுவாக அனுமதி. 2023 ஏப்ரலில் அந்த அளவை எடுத்துவிட்டார்கள், ஆனாலும் பயிர் செய்வேன் என்று காட்ட வேண்டும். எல்லைக்கல்லையும் விடாமல் கேளுங்கள். நாட்டின் நில அளவை பாதிக்குச் சற்றுமேல்தான் முடிந்திருக்கிறது. மெய்ஜி காலத்து (1868–1912) வரைபடத்தைக் காட்டி "அந்தக் காக்கிப் பழ மரம் வரைக்கும்" என்பார்கள்.

வேலை தொடங்குவதற்கு முன் குப்பை. வீட்டுக்காரர் விட்டுப்போனது எல்லாம் உள்ளேயே இருக்கும். மெத்தை, கிமோனோ, ஐம்பது வருடத் தட்டுகள், யாருடைய கல்யாணத்திலோ கொடுத்த பரிசுப் பெட்டிகள். ஆள் வைத்து எடுத்தால் சில லட்சம் யென் ஆகிவிடும். இதை யார் செய்வது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். புத்சுதான் மட்டும் வேறு. கோயில் பிக்கு வந்து மந்திரம் சொல்லி, உள்ளிருக்கும் உயிரை விடைகொடுத்து அனுப்பிய பிறகுதான் அதைத் தொடுவார்கள். விற்பவர் மறந்திருந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள். எங்கள் வீட்டுச் சடங்கில் நானும் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டுப் பாட்டி என்னோடு பேச ஆரம்பித்தார்.

வேலையின் வரிசை: கூரை, வடிகால், தூண்களும் கரையானும், குழாயும் தொட்டியும், மின்கம்பி, அதற்கப்புறம்தான் சுவரும் தரையும். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள், ஏனென்றால் புகைப்படத்தில் தெரிவது சுவர்தான். 2025 ஏப்ரல் முதல், தரைத்தளத்தோடு மேல்தளமும் உள்ள மரவீட்டின் தூண், உத்திரம், சுவர், தரை, கூரை போன்றவற்றில் ஏதாவது ஒன்றைப் பாதிக்குமேல் மாற்றுவதென்றால் கட்டட அனுமதி வாங்க வேண்டும். கூரை ஓடுகளை மட்டும் மாற்றுவது, சமையலறை, குளியலறையைப் புதுப்பிப்பது இதில் வராது. தரைத்தளம் மட்டும் உள்ள, 200 சதுர மீட்டர் வரையிலான வீட்டுக்கும் இந்தத் தொல்லை இல்லை. அதனால் நான் தரைத்தள வீட்டையே தேடச் சொல்வேன். ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்ற சோதனையும் வேலைக்கு முன் கட்டாயம். பின்பக்கக் கொட்டகையின் நெளிநெளியான கூரைத் தகடுகளில் அது இருக்க வாய்ப்பு அதிகம்.

நீங்களே செய்யக்கூடியது நிறைய உண்டு. பலகைத் தரை போடலாம், சுண்ணாம்புச் சாந்து பூசலாம், பெயிண்ட் அடிக்கலாம். கம்பி இணைப்பைத் தொடக் கூடாது, உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும். வாங்க வேண்டிய முதல் கருவி 350 கிலோ ஏற்றும் குட்டி டிரக், கேய் டோரா. அது இல்லாமல் அந்த மலையில் ஒரு மூட்டைச் சாந்துகூட வீடு வந்து சேராது.

நான் செய்த பெரிய தப்பு குளிர்காப்பில். வீடு கோடையை மனதில் வைத்துக் கட்டியது. ஜூலையில் சொர்க்கம். பிப்ரவரியில் காலையில் சமையலறை 2 டிகிரி காட்டும், தேங்காய் எண்ணெய் கல்லாகிவிடும், இட்லி மாவு மூன்று நாளானாலும் புளிக்காது. (கடைசியில் மாவுப் பாத்திரத்தைக் கோதாத்சு என்ற, அடியில் சூடாக்கி பொருத்திய மேசைக்கடியில் வைத்துப் போர்த்திவிடக் கற்றுக்கொண்டோம்.) அவசரப்பட்டு ஒரு ஒப்பந்தக்காரர் சொன்னபடி மண்சுவரின் உட்பக்கம் காப்புப் பலகையை அடித்து, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டினோம். இரண்டாவது வருடம் அதன் பின்னால் முழுக்கப் பூஞ்சை. மண்சுவர் ஈரத்தை வாங்கி விடும் சுவர், அதன் முகத்தை மூடக் கூடாது. பிய்த்துவிட்டு, தரைக்கடியிலும் கூரைத்தட்டின் மேலும் மட்டும் காப்பு வைத்து, ஜன்னலுக்கு உள்பக்கம் இரண்டாவது ஜன்னல் போட்டோம். உள்ஜன்னலுக்கு 2023 முதல் மத்திய அரசு நல்ல மானியம் தருகிறது. முழு வீட்டையும் சூடாக்க முயலாமல் இரண்டு அறையை மட்டும் பிடித்துக்கொண்டால் செலவு பாதியாகும். மீதி அறைகள் குளிர்காலத்தில் குளிர்பெட்டி. மச்சில் மரநாய் குடியிருந்தால் காப்பு வைப்பதற்கு முன் அதை வெளியேற்றி ஓட்டையை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் புதுப் பஞ்சில் குட்டி போடும்.

மொத்தம் எவ்வளவு? 10 லட்சம் யென் இன்றைய மதிப்பில் ஆறு லட்சம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரை நன்றாக இருந்து, பாதி வேலையை நீங்களே செய்தால், 40, 50 லட்சம் யென்னில் குடியேறலாம். கூரை, தொட்டி, குளியலறை, கரையான் எல்லாம் சேர்ந்தால் 1 கோடி. பழைய பெரிய வீட்டை எலும்புக்கூடு வரை பிரித்து, நிலநடுக்க உறுதியோடு கட்டினால் 2 கோடியும் தாண்டும். முடித்தபின் விற்றால் போட்டது திரும்பாது. அங்கே மரவீட்டுக்கு வயதாக ஆக மதிப்பு பூஜ்ஜியத்தை நோக்கிப் போகும், வரிக் கணக்கிலேயே மரவீட்டின் ஆயுள் 22 வருடம்தான். இதை முதலீடு என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நகராட்சிகள் புதுப்பிக்கவே சில லட்சம் யென் மானியம் தருகின்றன. நிபந்தனை இருக்கும்: அங்கேயே குடியேறிப் பெயர் பதிய வேண்டும், ஐந்து பத்து வருடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும். சில அகியா பேங்குகள் வீட்டையே குடியேறுபவருக்குத்தான் தரும்.

ஊர். ஜிச்சிகாய் என்ற ஊர்ச்சங்கத்தில் சேர்வது சட்டப்படி கட்டாயம் இல்லை. சேராமல் அங்கே வாழ முடியும் என்றும் நான் நினைக்கவில்லை. குப்பை போடும் கூண்டு சங்கத்துடையது. சுற்றறிக்கைப் பலகை வீடு வீடாகக் கைமாறும், உங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினால் ஊரே கவனிக்கும். நாற்று நடும் முன் வசந்தத்தில் வாய்க்கால் தூர்வாருதல், கோடையில் இரண்டு மூன்று முறை புல் வெட்டுதல். முதல்முறை காலை ஏழு மணி என்று போட்டிருந்ததால் ஏழுக்குப் போனேன், கையில் ஒரு அரிவாளோடு. ஆறரைக்கே எழுபது வயதுத் தாத்தாக்கள் பெட்ரோல் வெட்டு இயந்திரங்களோடு பாதிச் சாலையை முடித்திருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் நானும் ஒரு இயந்திரம் வாங்கினேன். வாங்கும் முன்பே, சங்கத் தலைவரைச் சந்திக்கலாமா என்று தரகரிடம் கேளுங்கள். சந்தா எவ்வளவு, நுழைவுத்தொகை உண்டா, தீயணைப்புத் தொண்டர் படையில் சேர வேண்டுமா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். அவர்களும் உங்களைப் பார்க்க வேண்டுமே.

இதற்கெல்லாம் பிறகும் ஆசை குறையவில்லை என்றால், முதலில் வாடகைக்குத் தங்கிப் பாருங்கள். பல நகராட்சிகளில் ஒரு வாரமோ சில மாதங்களோ குறைந்த வாடகையில் தங்கிப் பார்க்கத் தனி வீடு வைத்திருக்கிறார்கள். வெயில் காலத்தில் போகாதீர்கள், எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். ஜூன் மழையில் ஒருமுறை, பிப்ரவரியில் ஒருமுறை. வீடு பார்க்கப் போகும்போது பழைய உடுப்பு, தலையில் மாட்டும் டார்ச், மரத்தைக் குத்திப் பார்க்க ஒரு திருப்புளி. அப்புறம் ஒரு கோலிக்குண்டு. பலகைத் தரையில் வைத்து, எந்தப் பக்கம் உருள்கிறது என்று பாருங்கள். அந்தப் பக்கத்துச் சுவரின் வெளியே போய் நின்றால் பெரும்பாலும் அடைத்த வாய்க்கால் ஒன்று இருக்கும்.